அச்செழுத்திலிருந்து குறியெண் வரை: தமிழ் எழுத்தின் பாதுகாப்பும் சிவகாசி தரும் பாடமும்

1. முன்னுரை

தென் தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் நூற்றாண்டு விழா மலர்கள், சபையார் பெயர்ப் பட்டியல்கள், பாடல் தொகுப்புகள், வசனக் காலண்டர்கள் ஆகியவற்றுள் பல சிவகாசி அச்சகங்களில் உருவாயினவை. அவற்றின் அச்சுப் பிரதிகள் நம் நூலகங்களிலும் ஆலய அலுவலக அலமாரிகளிலும் உள்ளன. ஆயின், 1990களில் கணினியில் கோக்கப்பட்ட அத்தகைய நூல் ஒன்றின் மூலக்கோப்பை இன்று திறப்பவர் பெரும்பாலும் தமிழைக் காண்பதில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளையே காண்கிறார். நூல் இருக்கிறது, அதன் எழுத்து இல்லை. இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதும், திருச்சபையின் பதிவேடுகளைக் காக்கும் பொறுப்புடையோர் அதிலிருந்து கற்கவேண்டியதை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருமார்க்கும் இறையியல் மாணவர்க்கும் இது தொழில் நுட்பரின் வேலையாகத் தோன்றலாம். ஆயின் தமிழ் எழுத்து முதன்முதல் அச்சேறியதும், ஐரோப்பாவில் வார்க்கப்பட்டதும், மீண்டும் இம்மண்ணில் வார்க்கப்பட்டதும் கிறிஸ்தவப் பணியின் வரலாற்றோடு பிணைந்தவை. ஓர் எழுத்தின் வடிவம் வேறு, அவ்வெழுத்து வேறு என்னும் உண்மையை இவ்வரலாறு திரும்பத் திரும்ப உணர்த்துகிறது.

2. அந்நிய எழுத்தில் தமிழும் தன் எழுத்தில் தமிழும்

கி.பி. 1554இல் லிஸ்பன் நகரில் தமிழ் மொழியில் ஒரு சிறு ஞானோபதேச நூல் அச்சிடப்பட்டது. அதன் மொழி தமிழ். எழுத்தோ உரோம எழுத்து. போர்த்துக்கீசிய அச்சகத்தில் தமிழ் அச்செழுத்து இல்லாமையே இதற்குக் காரணம். இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1578 அக்டோபர் 20ஆம் நாள், கொல்லத்தில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. பதினாறு பக்கங்களே கொண்ட அந்நூல், இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான தொடக்ககால நூல்களுள் தலையாயது.

உரோம எழுத்தில் தமிழை எழுதும்போது இழக்கப்படுவது யாது? மனமும் மணமும் ஒன்றாகின்றன. பல்லியும் பள்ளியும் ஒன்றாகின்றன. தலை, தளை, தழை ஆகிய மூன்றும் வேறுபாடு காட்டும் தனிக்குறிகள் இல்லாத வழி ஒரே சொல்லாகின்றன. படிப்பவர் மொழியறிந்தவராயின் இடம் நோக்கிப் பொருள் கொள்வார், அறியாதவர்க்கு வழியில்லை. பதினாறாம் நூற்றாண்டு அச்சகத்தில் நேர்ந்த இக்குறை, இருபதாம் நூற்றாண்டுக் கணினியில் மீண்டும் நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழ் அச்சகத்தின் தேவையை விரைவில் உணர்ந்தார். ஜெர்மனியில் ஹால்லே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. அவை அளவில் பெரியவை. அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிடக் காகிதம் போதாது. எனவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் தமிழில் அச்சாகி முடிந்தது. தூரத்தில் பிறர் செய்தனுப்பிய எழுத்து தேவைக்குப் பொருந்தாதபோது, பயன்படுத்துவோரே தம் இடத்தில் அதனைத் திருத்திச் செய்தனர் என்பது இங்கு நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் என்பார் தமிழ் எழுத்துகளை மேலும் அழகாகவும் சிறிதாகவும் அமைத்தார். வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கில அகராதி 1862இல் அவ்வச்சகத்திலேயே வெளிவந்தது.

3. இருவகைச் சீர்திருத்தங்கள்

தமிழ் எழுத்தில் நிகழ்ந்த இரண்டு மாற்றங்களை ஒப்பிட்டு நோக்குவது நம் பொருளை விளக்க உதவும்.

ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் தெளிவாக வேறுபடுத்தப்படவில்லை. புள்ளிகளும் பெரும்பாலும் இடப்படவில்லை. வீரமாமுனிவர் எனப் பெயர்பெற்ற பெஸ்கி பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டில் நெடில்களுக்குத் தனி அடையாளம் அமைத்தார். இம்மாற்றம் எழுத்தின் அடையாளத்தைத் தொட்டது. முன்பு மயங்கிக் கிடந்த இரண்டு எழுத்துகள் ஏட்டில் இரண்டாயின.

1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை வேறு வகையானது. ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் கொம்புடைய பழைய வடிவங்களும், ஒகர ஓகார வரிசையில் அவற்றை ஒத்தனவும் நீங்கி, பிற எழுத்துகளைப் போன்ற நேரிய வடிவம் பெற்றன. பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. எழுத்து ஒன்றேனும் கூடவுமில்லை, குறையவுமில்லை. பழைய வேதாகமத்தில் பழைய வடிவில் நிற்கும் ‘லை’யும், புதிய பதிப்பில் நிற்கும் ‘லை’யும் ஒரே எழுத்தே. ஆனால் அச்சுக் கோப்பவருக்கு அவை இரு வேறு ஈயத் துண்டுகள். அச்சகம் காண்பது வடிவத்தை. வாசகர் காண்பது எழுத்தை. இவ்வேறுபாட்டைக் கருத்தில் இருத்திச் சிவகாசிக்கு வருவோம்.

4. சிவகாசி: எழுத்து ஓவியமான ஊர்

சிவகாசிக்கும் புராட்டஸ்டண்டுத் திருப்பணிக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜில் பயின்று சி.எம்.எஸ். சங்கத்தின் பணியாளராய் வந்த தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு, வடதிருநெல்வேலிப் பகுதியில் 1854 முதல் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராய்ச் சென்று ஊழியம் செய்தார்; 1858இல் சிவகாசியிலேயே காலமானார். மழை குறைந்த அக்கரிசல் நிலத்தில் அந்நாளில் அச்சுத் தொழிலும் இல்லை, தீப்பெட்டித் தொழிலும் இல்லை.

1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் பல வண்ண லேபிள்கள் வேண்டியிருந்தன. அத்தேவையே அச்சுத் தொழிலை அவ்வூரில் வேரூன்றச் செய்தது. கல்லச்சும் பின்னர் ஆப்செட்டும் அங்கே வளர்ந்தன. காலண்டர், நாட்குறிப்பு, பாடநூல், பை, அட்டைப்பெட்டி என அச்சுப் பணி விரிந்தது. ‘குட்டி ஜப்பான்’ என்னும் பெயரும் அவ்வூருக்கு வழங்கலாயிற்று.

இத்தொழிலின் ஒரு தன்மையை இங்குக் கருதுதல் வேண்டும். தரங்கம்பாடி அச்சகத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி ஈயத்துண்டு. கல்லச்சில் அவ்வாறன்று. அலாய்ஸ் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் ஜெர்மனியில் கண்டறிந்த அம்முறையில், படமும் எழுத்தும் ஒருசேரக் கல்லின்மேல் வரையப்படுகின்றன. மயிலின் படம் எவ்வாறோ, அதன் கீழுள்ள பெயரும் அவ்வாறே. அச்சு இயந்திரத்துக்கு எழுத்து என்பது மற்றுமொரு கோட்டோவியம். லேபிளுக்கு இது பெரும் நன்மை. எவ்வகை எழுத்தையும் எவ்வளவிலும் வளைத்து எழுதலாம். ஆனால் ஒரு லேபிளில் உள்ள எழுத்தை எடுத்து வேறொன்றில் கோக்கவோ, அகர வரிசையில் அடுக்கவோ, தேடவோ இயலாது. லேபிளுக்கு அது தேவையுமில்லை. பின்னாளில் கணினி வந்தபோதும் அச்சகத்தார் எழுத்தை முதன்மையாக வடிவமாகவே கருதியதில் வியப்பில்லை.

5. தட்டச்சுப் பொறியும் முனையமும்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். தட்டச்சுப் பொறியிலோ ஐம்பதுக்குட்பட்ட விசைகளே உண்டு. யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, கொம்பு, கால், புள்ளி, விசிறி ஆகிய உறுப்புகளைத் தனித்தனி விசைகளாக்கித் தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தார். ‘கொ’ என்பதை அடிப்பவர் கொம்பு, ககரம், கால் என மூன்று முறை தட்டுகிறார். தாளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே விசையின் வரிசை. ஒலியின் வரிசைப்படி ககர மெய் முதலிலும் ஒகரம் பின்னும் வரவேண்டும். பொறியிலோ கொம்பு முந்துகிறது. தாளில் பதிவதற்கு இது போதுமானது.

கணினியின் அடிப்படை வேறு. அமெரிக்காவில் 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் நியமம், 128 குறியெண்களுள் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் குறிகளையும் அடக்கியது. பெரிய கணினியோடு கம்பியால் இணைந்த திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவியை முனையம் என்கிறோம். முனையம் அனுப்புவதும் பெறுவதும் எண்களே. எந்த எண்ணுக்கு எவ்வடிவம் என்பதை அது தன் நினைவகத்தில் வைத்திருந்தது. அந்நினைவகத்தில் தமிழ் இல்லை. ஆகவே அலுவலகக் கணினிகளில் தமிழரின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறின. 1554இல் லிஸ்பனில் நேர்ந்தது இங்கே மீண்டும் நேர்ந்தது. லகர ளகர ழகர வேறுபாடும், னகர ணகர வேறுபாடும் பதிவேட்டிலிருந்து மறைந்தன.

இந்திய எழுத்துகளுக்கு ஏற்ற முனையத்தை ஆக்கும் பணி கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்று, தேவநாகரி முனையமாக 1983இல் வெளிப்பட்டது. ‘ஜிஸ்ட்’ என்னும் அத்தொழில்நுட்பம், 1988இல் புனேயில் நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனத்தில் மேலும் வளர்க்கப்பட்டது. அதன் உட்கருத்து ஆழமானது. நினைவகத்தில் எழுத்து ஒலியின் வரிசைப்படி எண்களாய் நிற்கும். திரையில் காட்டும்போது மட்டும் முனையம் அவ்வெண்களை வடிவங்களாய் மாற்றி, கொம்பை இடப்பக்கம் வைக்கும். அதாவது எழுத்தும் வடிவமும் பிரிக்கப்பட்டன. இதற்கான குறியெண் பட்டியலே ‘இஸ்கி’. இந்திய நியமக் குழு அதனை 1991இல் ஐ.எஸ். 13194 என்னும் எண்ணோடு நியமமாக்கியது.

6. எழுத்துருக்களின் காலம்

நியமம் ஏட்டில் இருந்தது. அச்சகத்திலோ வேறொன்று நிகழ்ந்தது. தனியாள் கணினி பரவியபோது உலகெங்கும் தமிழர் தத்தம் முயற்சியால் எழுத்துருக்களை ஆக்கினர். கனடாவில் சீனிவாசனின் ‘ஆதமி’ 1984இலும், மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’ 1985இலும் தோன்றின. சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் 1990களின் தொடக்கத்தில் ‘மயிலை’ எழுத்துருவை அளித்தார். ‘பாமினி’, ‘ஸ்ரீலிபி’ முதலியன அச்சகங்களில் பரவலாக வழங்கின.

இவற்றின் வழி எளியது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துவிடுவது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல், கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு உள்ளவரை திரையில் தமிழ் தெரியும். அதனை நீக்கினால் அந்த ஐந்து குறிகளே எஞ்சும். மேலும் ஓர் எழுத்துருவில் தகரம் நின்ற இடத்தில் மற்றோர் எழுத்துருவில் மகரம் நிற்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனித் தமிழ் நெடுங்கணக்கை வைத்திருந்தது என்று கூறினும் மிகையாகாது.

சிவகாசியின் டி.டி.பி. கூடங்களுக்கு இது தடையாக இல்லை. பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்து, பிலிமாகவும் பிளேட்டாகவும் மாற்றியபின் கோப்பின் வேலை முடிந்தது. அச்சில் வந்த தமிழ் பிழையற்றது. அச்சகத்தார் தம் கடமையைச் செவ்வனே செய்தனர். கோப்பு பின்னர் எவருக்கேனும் தேவைப்படும் என்று அச்சிடக் கொடுத்தவரும் எண்ணவில்லை, கேட்கவுமில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. ஒருங்குறித் தமிழை அது ஏற்கவில்லை. ஆதலின் உலகம் புதிய முறைக்கு மாறிய பின்னரும் பல அச்சகங்கள் பழைய எழுத்துருக்களையே தொடர நேர்ந்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகளும் நடைபெற்றன. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் 1997இல் தமிழிணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாட்களில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாக ‘தமிழ் 99’ விசைப்பலகையும், ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியேற்றங்களும் தமிழ்நாடு அரசின் ஏற்பைப் பெற்றன. அயலகத் தமிழரிடையே ‘தகுதரம்’ எனப்பட்ட டிஸ்கி குறியேற்றம் வழங்கியது. இவையனைத்தும் 256 இடங்களுக்குள் தமிழை அடக்க முயன்றவை. ஆகவே கொம்பும் காலும் தனித்தனி இடம் பெற்ற வடிவ முறையினின்று இவை விடுபடவில்லை.

7. ஒருங்குறியும் அதன்மேல் எழுந்த வாதமும்

உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்னும் நோக்கோடு ‘யூனிகோடு’ எனப்படும் ஒருங்குறி 1991இல் முதன்முதல் வெளியிடப்பட்டது. தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கியை அடியொற்றியது. அதில் அகரமேறிய மெய்யே அடிப்படை. ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாகிய இரண்டு குறியெண்கள். இலக்கணமோ மெய்யோடு அகரம் சேர்ந்தே ககரம் பிறக்கிறது என்று கூறும். எனவே இவ்வமைப்பு தமிழின் இயல்புக்கு மாறானது என்று அறிஞர் பலர் வாதிட்டனர். அவ்வாதத்தின் விளைவாக, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் அளிக்கும் ‘டேஸ்-16’ என்னும் முறை வகுக்கப்பட்டது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிய 2010 ஜூனில், ஒருங்குறியைத் தன் நியமமாகவும் டேஸ்-16ஐ மாற்று நியமமாகவும் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் நடைமுறையில் நிலைபெற்றது ஒருங்குறியே. 2000இல் விண்டோஸ் இயங்குதளம் அதனை ஏற்றது; பின்னர்க் கைப்பேசிகளும் ஏற்றன. எழுத்தின் அடையாளமே அதில் பதிவாகிறது. வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. பழைய கொம்புடைய ‘லை’க்கும் இன்றைய ‘லை’க்கும் அதில் ஒரே குறியெண் வரிசை, பழைய வடிவம் வேண்டுவோர் பழைய எழுத்துருவைத் தெரிந்துகொள்ளலாம். முந்திரி, காணி, மா முதலிய பழைய பின்னக் குறிகளும் 2019இல் அதில் சேர்க்கப்பட்டன. பழைய ஆலய நிலக் கணக்குகளைப் படியெடுக்க விரும்புவோருக்கு இது பெரிதும் பயன்படும்.

8. தரவுத்தளத்தில் நேரும் இடர்கள்

ஒருங்குறியை ஏற்றுக்கொண்டவுடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. சபையார் பட்டியலைத் தரவுத்தளத்தில் ஏற்றும் சபைகள் இன்று பல. அங்கு நேரும் இடர்களை அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, அளவு. ஒருங்குறியைப் பைட்டுகளாக எழுதும் யு.டி.எஃப்-8 என்னும் முறையை 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தனர். அதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு; தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட்டு. ‘கிறிஸ்து’ என்னும் நான்கெழுத்துச் சொல்லில் குறியெண்கள் 8, பைட்டுகள் 24. பெயருக்கு 20 பைட்டு ஒதுக்கிய பழைய அட்டவணையில் ‘ஞானசிகாமணி’ என்னும் பெயர் ஆங்கிலத்தில் 13 எழுத்தாய் அடங்கும்; தமிழில் 30 பைட்டு வேண்டும். கணினி எச்சரியாமல் ‘ஞானசிக’ என்பதோடு வெட்டிவிடவும் கூடும்.

இரண்டாவது, தவறான வாசிப்பு. தமிழின் மூன்று பைட்டுகளுள் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ஐரோப்பிய எழுத்துக்குரிய பட்டியலைக் கொண்டு இவற்றை வாசித்தால், தலையில் சாய்கோடு இட்ட ‘ஏ’ எழுத்தும் வட்டத்துள் நிற்கும் ‘ஆர்’ எழுத்தும் திரை முழுவதும் நிரம்பும். இதனைக் கண்டு அஞ்சிக் கோப்பை அழித்துவிடலாகாது. பைட்டுகள் கெடவில்லை, சரியான பட்டியலைக் கொண்டு வாசித்தால் தமிழ் திரும்ப வரும். ஆனால் தமிழுக்குப் பதிலாக வினாக்குறிகள் வரிசையாய் நின்றால், தரவுத்தளத்தில் அவை அவ்வாறே ஏறியுள்ளனவா என்று உடனே ஆராய வேண்டும். தமிழை ஏற்காத அட்டவணையில் எழுதும்போது ஒவ்வொரு குறியெண்ணும் வினாக்குறியாக மாற்றி எழுதப்பட்டிருப்பின், மூலம் அழிந்ததே, மீட்க வழியில்லை. ஆகவே சேமிக்கும் அட்டவணை, அதனோடு பேசும் இணைப்பு, காட்டும் திரை ஆகிய மூன்றிடத்தும் யு.டி.எஃப்-8 அமைந்திருக்கிறதா எனச் சில பெயர்களைக் கொண்டு முதலில் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, வரிசை. ஒருங்குறிப் பட்டியலில் நகரத்தை அடுத்தே னகரம் நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ னகரம் இறுதி. குறியெண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் தரவுத்தளம் மலர்விழிக்கு முன் மனோகரியை வைக்கும். தமிழ் வரிசைக்குரிய விதியைத் தெரிந்தமைத்தாலன்றி அகராதியும் பெயர்ப் பட்டியலும் நேராக அமையா.

நான்காவது, ஒரே எழுத்துக்கு இரு வழி. ‘பொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் நெறிப்படுத்தப்படாத தரவுத்தளத்தில் ஒருவர் ஏற்றிய ‘பொன்னம்மாள்’ மற்றொருவர் தேடும்போது அகப்படமாட்டார்.

இன்றும் சில முனையங்களில் தமிழ் சிதைந்து காணப்படுகிறது. முனையத் திரை சமமான கட்டங்களாக வகுக்கப்பட்டது. ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்பது அதன் விதி. இருபுறமும் உறுப்புகள் கொண்ட ‘கொ’ அக்கட்டத்தில் அடங்குவதில்லை. இது காட்சியின் குறையே. உள்ளே எழுத்து கெடாமலே இருக்கும்.

9. படியெடுத்தலும் பாட ஆய்வும்

பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றும் செயலி பல உண்டு. எனினும் மாற்றம் என்பது ஒரு வகைப் படியெடுத்தலே. படியெடுக்கும் இடத்தில் பிழை நேரும். வேதாகமப் பாட ஆய்வைப் பயின்ற நம் மாணவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஆதியாகமம் 10:4இல் எபிரேய மூலம் தகரத்தை முதலாகக் கொண்டு கூறும் மக்கட்பெயரை, 1 நாளாகமம் 1:7இன் மூலம் ரகரத்தை முதலாகக் கொண்டு கூறுகிறது. எபிரேய எழுத்தில் தாலெத்தும் ரேஷும் வடிவால் மிக நெருங்கியவை. எழுதுவோர் கண் மயங்கியதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று அறிஞர் கருதுவர்.

தமிழில் இதற்கு நேரான இடம் ஔகாரம். அதன் வலப்புற உறுப்பும் ளகரமும் அச்சில் ஒரே வடிவம். வடிவத்தையே சேமித்த கோப்பில் அது ஔகாரத்தின் உறுப்பா, ளகரமா என்பது பதிவாகியிருக்காது. ஆகவே ‘ஔவையார்’ என்பது ஒகரமும் ளகரமுமாகி ‘ஒளவையார்’ எனவும், ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ எனவும் மாறிவிடுகின்றன. கண்ணுக்கு வேறுபாடு அரிதாகவே தெரியும். தேடும்போதும் அடுக்கும்போதும் அவை முற்றிலும் வேறு சொற்கள். அவ்வாறே தமிழ் எண் ஒன்றும் ககரமும் வடிவால் ஒன்று, குறியால் வேறு. இவ்விடங்களில் இயந்திரம் தீர்ப்புக் கூற இயலாது. மொழியறிந்தவர் ஒருவர் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் படிக்கத்தான் வேண்டும்.

10. திருச்சபையின் பொறுப்பு

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் திருமணப் பதிவை நம்மேல் கடமையாக வைத்திருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான மத்தியச் சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன் பிறந்த கிராமத்து ஏழை ஒருவருக்கு, அவர் தீப்பெட்டிக்குச் சிட்டம் அடுக்கிய கைகளை உடையவராயினும் பட்டாசுக்குத் திரி வைத்தவராயினும், ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு வரியே பிறப்புக்குச் சான்றாய் நின்றதுண்டு. அவ்வரியில் அவர் பெயர் அவர் அழைக்கப்பட்டவாறே, தமிழில், சரியான ழகரத்தோடும் ணகரத்தோடும் நிற்கவேண்டும் என்பது சிறிய கோரிக்கையன்று. பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோர் தத்தம் மொழியிலே கேட்டனர் என்பதை ஆண்டுதோறும் பிரசங்கிக்கும் நாம், நம் மக்களின் பெயர்களை அந்நிய எழுத்திலோ, ஒரு நிறுவனத்தின் தனி எழுத்துருவிலோ பூட்டிவைத்தல் தகாது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. அச்சுக்குக் கொடுக்கும்போதே ஒருங்குறிப் படியையும் திரும்பத் தருமாறு அச்சகத்தாரிடம் கேட்டுப் பெறலாம். சிவகாசியில் இன்று அதற்கான வசதி உண்டு. பழைய கோப்பு கிடைக்குமாயின் அதனோடு அதன் எழுத்துருவையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். எழுத்துரு இன்றேல் கோப்பு திறவுகோலற்ற பெட்டி. மாற்றியபின் மூலத்தை எறிந்துவிடலாகாது. ஒப்பிட்டுப் படிக்கும் பணியை இறையியல் மாணவர்க்குப் பயிற்சியாகவே அளிக்கலாம். கையால் எழுதிய பதிவேட்டுக்கு மேலான சாட்சி வேறில்லை. கணினிப் படி அதற்குத் துணையேயன்றி மாற்றன்று.

11. முடிவுரை

கொல்லத்திலும் தரங்கம்பாடியிலும் எழுத்தை வார்த்தவர்கள் அச்சிட்டுப் பரப்புவதை நோக்கினர். அவர்கள் அச்சிட்ட தாள் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. சிவகாசி லேபிளில் எழுத்து ஓவியமாய் நின்று தன் வேலையை முடித்துக்கொண்டது. கணினியில் பதிந்த எழுத்தோ அச்சான பின்னரும் தேடவும் அடுக்கவும் மீண்டும் படியெடுக்கவும் வேண்டியது. அவ்வேலைக்கு வடிவம் மட்டும் போதாது. இன்ன எழுத்து என்பது யாவரும் அறிந்த பொது நியமத்தால் பதிவாகியிருத்தல் வேண்டும். 1715இல் தரங்கம்பாடியில் சிறிய எழுத்துகளை வார்த்தவர்கள் தம் காலத்துக்குரிய பணியைச் செய்தனர். பழைய கோப்புகளைத் திறக்கத் தெரிந்தவர்களும், அவற்றோடு ஒப்பிட அச்சுப் பிரதிகளும் இன்னும் நம்மிடையே இருக்கும் இக்காலத்திலேயே நமக்குரிய பணியை நாம் தொடங்குவது நலம்.